பழைய வைரத்துக்குப் புதிய பட்டை

ஒரு நூல் நூறு ஆண்டுகள் பழையதாக இருந்தாலும் அதனை வாசிப்பதற்குக் கண்ணும் வெளிச்சமும் இருந்தாற் போதுமானது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் வெளியான திரைப்படமொன்றைப் புதிய திரையிலே காட்டுவதற்கும் பெரிய தடையேதும் இல்லை. ஆனால், இலத்திரனியல் விளையாட்டுக்களின் நிலை அவ்வாறானதன்று. அவை எந்தக் கருவிக்கென ஆக்கப்பட்டனவோ அந்தக் கருவி சந்தையிலிருந்து மறையும்போது அவையும் கூடவே மறைந்துவிடுகின்றன. இதனாலேயே பழைய விளையாட்டொன்றைப் புதிய கருவிக்கேற்ப மீண்டும் ஆக்கி வெளியிடும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியுள்ளது. இவ்வாறு வெளிவரும் மீளாக்கங்கள் வெறும் விற்பனைப் பண்டங்கள் மாத்திரமல்ல. பின்னால் வரும் தலைமுறையினர் அந்தப் பழைய படைப்பை அறிந்துகொள்வதற்குப் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் ஒரே வாயிலும் அவையே ஆகும்.

விளையாட்டு என்றவுடன் அது சிறுபிள்ளைகளின் சமாசாரம் என்று ஒதுக்கிவிடும் மனப்பாங்கு எம்மிடையே இன்னும் இருக்கின்றது. எனினும், அன்று இவற்றை விளையாடிய சிறுவர்கள் இன்று பெற்றோராகிவிட்டனர். தாம் அனுபவித்ததைத் தமது பிள்ளைகளும் அனுபவிக்க வேண்டுமென அவர்கள் விரும்புவது இயல்பானதே. அவ்விருப்பத்தை நம்பியே நிறுவனங்கள் மீளாக்கங்களில் முதலிடுகின்றன. அப்படியாயின், அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கப்படுவது உண்மையில் அதே அனுபவம்தானா என்று கேட்பது நியாயமான கேள்வியாகும். இக்கேள்வியை முன்வைப்பதற்கு, 2021 ஆம் ஆண்டு வெளியான 'போக்கிமொன் பிரில்லியன்ட் டயமன்ட்', 'போக்கிமொன் ஷைனிங் பேர்ள்' ஆகிய இரட்டை மீளாக்கத்தை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

போக்கிமொன் பற்றி அறியாத வாசகர்களுக்காக அதன் அடிப்படையைச் சுருக்கமாகக் கூறுவது அவசியமாகும். ஜப்பானின் தலைநகரான டோக்கியோவின் புறநகர்ப் பகுதியில் வளர்ந்தவர் சத்தோஷி தஜிரி. சிறுவயதில் வயலிலும் குளக்கரையிலும் பூச்சிகளைப் பிடித்துச் சேகரிப்பதில் அவருக்கு அளவுகடந்த ஆர்வம் இருந்தது. நகரம் விரிந்து, வயல்கள் கட்டடங்களாக மாறிய பின்னர் பிறந்த சிறுவர்களுக்கு அந்த இன்பம் கிட்டவில்லை என்பதை அவர் உணர்ந்தார். அவ்வுணர்விலிருந்து பிறந்ததே கற்பனை உயிரினங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, பழக்கி, பிறருடைய உயிரினங்களுடன் மோதவிடும் இவ்விளையாட்டு. 'கேம் ஃப்ரீக்' நிறுவனம் உருவாக்கிய இதன் முதலிரு பதிப்புகள், நின்டெண்டோவின் 'கேம் போய்' என்னும் கையடக்கக் கருவிக்காக 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி ஜப்பானில் வெளியாகின.

இதன் மையமான சூட்சுமம் எளிமையானது. ஒரே விளையாட்டு இரு பதிப்புகளாக வெளிவரும். ஒரு பதிப்பில் அகப்படும் உயிரினங்கள் சில மற்றையதில் அகப்படமாட்டா. ஆகவே, முழுத் தொகுப்பையும் சேர்க்க விரும்பும் சிறுவன் மற்றைய பதிப்பை வைத்திருக்கும் இன்னொரு சிறுவனைத் தேடிச் செல்ல வேண்டும். இருவரும் தமது கருவிகளை ஒரு வடத்தினால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்துகொள்ள வேண்டும். தனியே அமர்ந்து விளையாடும் கருவியை நண்பனைத் தேடிச் செல்வதற்கான காரணமாக மாற்றியதே தஜிரியின் பெரும் சாதனை எனலாம். இரு பதிப்பு முறையானது விற்பனையைப் பெருக்கும் தந்திரமாகவும் அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அதன் பின்னணியில் ஒரு சமூக நோக்கமும் இருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

போக்கிமொன் தொடரில் மீளாக்கம் என்பது புதிய விடயமன்று. 1996 இன் முதற் பதிப்புகள் 2004 ஆம் ஆண்டு 'ஃபயர்ரெட்', 'லீஃப்கிரீன்' என்னும் பெயர்களில் மீண்டும் வந்தன. 1999 ஆம் ஆண்டின் 'கோல்ட்', 'சில்வர்' ஆகியவை 2009 ஆம் ஆண்டு 'ஹார்ட்கோல்ட்', 'சோல்சில்வர்' என மறுபிறப்பெடுத்தன. 2014 இல் 'ஒமேகா ரூபி', 'அல்ஃபா சஃபையர்' ஆகியனவும், 2018 இல் முதற் கதையை மேலும் எளிமைப்படுத்திய 'லெட்ஸ் கோ' பதிப்புகளும் வெளியாகின. இவற்றுள் 2009 ஆம் ஆண்டின் மீளாக்கமே இன்றுவரை பலராலும் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றது. அது பழைய இரு பதிப்புகளை மட்டுமன்றி, அவற்றின் பின்னர் திருத்தங்களுடன் வெளியான 'கிறிஸ்டல்' பதிப்பின் சிறப்பம்சங்களையும் உள்வாங்கியிருந்தது. வீரனின் பின்னால் அவனது உயிரினம் நடந்து வருவது போன்ற புதிய இன்பங்களையும் சேர்த்திருந்தது. பழையதைக் குறைக்காமல் அதன்மேற் கூட்டுவது என்பதே அதன் கொள்கையாக இருந்தது.

இனி, எமது பொருளுக்கு வருவோம். மூலமான 'டயமன்ட்', 'பேர்ள்' ஆகியவை 2006 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் திகதி ஜப்பானில் வெளியாகின. மேலே ஒன்றும் கீழே தொடுகை உணரும் மற்றொன்றுமாக இரு திரைகளைக் கொண்ட நின்டெண்டோ டீஎஸ் கருவிக்கென அவை ஆக்கப்பட்டிருந்தன. கதை நிகழும் 'சின்னோ' என்னும் நிலம், ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவை முன்மாதிரியாகக் கொண்டது. நடுவே நிலத்தை இரண்டாகப் பிரிக்கும் பெருமலை, வடக்கே பனி மூடிய ஊர்கள், அறிவு, உணர்வு, மனவுறுதி ஆகியவற்றின் காவல் உயிரிகள் உறங்கும் மூன்று ஏரிகள் என அதன் புவியியலே ஒரு புராணம் போன்று அமைந்திருந்தது. காலத்தையும் வெளியையும் ஆளும் உயிரிகளைக் கைப்பற்றி, மனித உணர்வுகளற்ற புதிய உலகொன்றைப் படைக்க முனையும் சைரஸ் என்பவனே எதிர்நாயகன். சிறுவர் விளையாட்டொன்றில் இத்தகைய வினாக்கள் எழுப்பப்பட்டமை அக்காலத்தில் பலரையும் கவர்ந்தது.

அப்பதிப்புகள் 107 புதிய உயிரினங்களை அறிமுகப்படுத்தின. அவற்றுடன் மொத்தத் தொகை 493 ஆக உயர்ந்தது. இணையத்தின் ஊடாக உலகின் மறுகோடியிலுள்ள ஒருவருடன் பண்டமாற்றுச் செய்யும் வசதி இத்தொடரின் பிரதான விளையாட்டுக்களில் உலகளாவிய ரீதியில் முதன்முதலில் கிட்டியதும் அவற்றின் மூலமே. உலகெங்கும் 17 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகின.

ஆயினும், மூலம் குறையற்றதாக இருக்கவில்லை. மோதல்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. அடிபட்ட உயிரியின் உயிர்ப்பலத்தைக் காட்டும் கோடு குறைந்து முடியும்வரை பொறுமையுடன் காத்திருக்க வேண்டியிருந்தது. கதை முடியும்வரை சின்னோவில் அகப்படும் நெருப்பு வகை உயிரிகள் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவை. இதனால், நெருப்பு வகையில் தேர்ந்தவர் என்று அறிமுகப்படுத்தப்படும் ஃப்ளின்ட் என்னும் வீரரின் ஐந்து உயிரிகளில் இரண்டு மாத்திரமே நெருப்பு வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. இந்த வேடிக்கையை ஆக்கியோரே உணர்ந்திருந்தனர் போலும். 2008 ஆம் ஆண்டு வெளியான 'பிளட்டினம்' என்னும் திருத்திய பதிப்பில் மோதல்களின் வேகம் கூட்டப்பட்டது. சின்னோவின் பட்டியலில் இருந்த உயிரினங்களின் தொகை 210 ஆக்கப்பட்டது. ஃப்ளின்ட்டின் ஐந்து உயிரிகளும் நெருப்பு வகையாகவே மாறின. புவியீர்ப்பு விதிகள் தலைகீழாகும் விசித்திர உலகமொன்று கதையின் உச்சக்கட்டமாகச் சேர்க்கப்பட்டது. கதை முடிந்த பின்னரும் மோதிப் பார்ப்பதற்கென ஐந்து வசதிகளைக் கொண்ட போட்டிக்களம் ஒன்றும் அமைக்கப்பட்டது. சுருங்கக் கூறின், சின்னோவின் கதை நிறைவான வடிவத்தை எய்தியது பிளட்டினத்திலேயே ஆகும்.

இந்தப் பின்னணியிலேயே 2021 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் திகதி மீளாக்கம் உலகெங்கும் வெளியானது. நின்டெண்டோ சுவிட்ச் கருவிக்கென இதனை ஆக்கியது கேம் ஃப்ரீக் அன்று. 'இல்கா' என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனமே அப்பணியை ஏற்றது. இத்தொடரின் பிரதான விளையாட்டொன்று வெளி நிறுவனமொன்றின் கையில் ஒப்படைக்கப்பட்டது இதுவே முதற் தடவையாகும். மூலத்தை நெறிப்படுத்திய ஜுனிச்சி மசுதாவும், இல்காவின் யுயிச்சி உவேதாவும் இணைந்து இதனை நெறிப்படுத்தினர். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதே தமது நோக்கம் என்பது ஆரம்பத்திலிருந்தே அறிவிக்கப்பட்டிருந்தது. பாதைகள், ஊர்கள், வீடுகள், உரையாடல்கள் ஆகிய யாவும் ஏறத்தாழ 2006 இல் இருந்தவாறே மீண்டும் வரையப்பட்டன.

முதலில் இம்மீளாக்கத்தின் நிறைகளை நோக்குவோம். இவற்றுள் முதன்மையானது, மூலத்தின் மிகப்பெரிய தொல்லையொன்று நீக்கப்பட்டமையாகும். பழைய விளையாட்டில் மரத்தை வெட்டுதல், பாறையை உடைத்தல், நீரைக் கடத்தல், அருவியில் ஏறுதல், மூடுபனியை அகற்றுதல் என எட்டு வித்தைகளை உயிரிகளுக்குக் கற்பித்தாலன்றி உலகை முழுமையாகச் சுற்றிவர இயலாது. ஓர் உயிரி ஒரே நேரத்தில் நான்கு வித்தைகளை மட்டுமே வைத்திருக்க முடியும். அதனால், அறுவரைக் கொண்ட அணியில் ஓரிருவரை வெறும் கூலியாட்களாகவே இழுத்துத் திரிய வேண்டிய நிலை இருந்தது. மீளாக்கத்தில் வீரனின் கைக்கடிகாரக் கருவியின் மூலம் காட்டு உயிரியொன்றை அழைத்து இவ்வேலைகளைச் செய்வித்துக்கொள்ளலாம். அணியின் ஆறு இடங்களும் விளையாடுபவரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளன. பழையதன் உருவத்தைக் கெடுக்காது அதன் தளையை அறுத்த திருத்தம் இது.

இரண்டாவது நிறை, நிலத்துக்கு அடியில் அமைந்த உலகமாகும். மூலத்தில் அது புதையல் தோண்டுவதற்கும், இரகசிய இருப்பிடம் அமைப்பதற்கும் பயன்பட்ட சுரங்கவலையாக இருந்தது. மீளாக்கத்தில் அச்சுரங்கங்களின் இடையே பனிக்குகை, எரிமலைக்குகை, பசும்புற்குகை எனப் பல்வேறு மறைவிடங்கள் சேர்க்கப்பட்டு, அங்கே உயிரினங்கள் கண்முன்னே உலாவித் திரிகின்றன. மேலே கிடைக்காத பல இனங்கள் இங்கே கதையின் நடுப்பகுதியிலேயே கிடைக்கின்றன. நெருப்பு வகைப் பஞ்சம் விளையாடுபவரைப் பொறுத்தவரை ஓரளவு தீர்ந்தது இதன் மூலமே. தஜிரி சிறுவயதில் அனுபவித்த, எந்தப் புதரில் என்ன இருக்குமோ என்ற ஆவல் இந்த விளையாட்டில் மிகத் தெளிவாக உயிர்பெறும் இடமும் இதுவே என்பது எமது கருத்தாகும்.

மூன்றாவதாக, அன்றாட வசதிகள் பெருகியுள்ளன. விளையாட்டு தானாகவே பதிவாகின்றது. சேமிப்பிலுள்ள உயிரிகளை எவ்விடத்திலிருந்தும் எடுத்து அணியை மாற்றிக்கொள்ளலாம். மோதல்களின் மந்தகதி நீங்கியுள்ளது. பழைய இசை, அதன் மெட்டுக்கள் சிதையாது புதிய வாத்தியக் கட்டுடன் ஒலிக்கின்றது. இவை சிறியனவாகத் தோன்றினும், வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் நாளொன்றுக்கு அரைமணி நேரம் விளையாடுவதற்கு இத்தகைய வசதிகளே இடமளிக்கின்றன.

மற்றொரு மாற்றத்தையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். மூலத்தில் 'வெய்ல்ஸ்டோன்' என்னும் நகரில் காசு போட்டுச் சுழற்றும் சூதாட்டப் பொறிகளைக் கொண்ட மண்டபமொன்று இருந்தது. உண்மைப் பணம் அதில் ஈடுபடுத்தப்படவில்லை. எனினும், சூதின் உருவத்தைச் சிறுவருக்குப் பழக்கப்படுத்துவது முறையா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்தது. கொரிய மொழிப் பதிப்பில் அப்பொறிகள் மாற்றப்பட்டன. பிளட்டினத்தின் ஐரோப்பியப் பதிப்பில் அவற்றை விளையாட முடியாதவாறு செய்தனர். போக்கிமொன்னுக்கு எதிராக இத்தகைய ஆட்சேபம் முஸ்லிம் உலகிலும் முன்னரே எழுந்திருந்தது என்பதை எமது வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். 2001 ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் மார்க்க அதிகாரபீடம் போக்கிமொன் விளையாட்டுக்களையும் அட்டைகளையும் தடைசெய்தபோது கூறப்பட்ட காரணங்களில் சூதாட்டத்தை ஒத்த தன்மையும் ஒன்றாகும். மீளாக்கத்தில் அம்மண்டபம் ஆடைக் கடையாக மாற்றப்பட்டுள்ளது. விளையாட்டின் கதைக்கு இதனால் எவ்வித நட்டமும் நேரவில்லை. விசுவாசம் என்பது எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பதன்று, எதனை விடலாம் என்று அறிவதுமாகும் என்பதற்கு இது நல்லதோர் சான்று.

இனி, குறைகளுக்கு வருவோம். ஆடைக் கடை விடயத்தில் காட்டப்பட்ட இந்த விவேகம் ஏனைய இடங்களில் காட்டப்படவில்லை என்பதே முதலாவது குறையாகும். பிளட்டினத்தில் திருத்தப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மீளாக்கத்தில் ஏற்கப்படவில்லை. ஃப்ளின்ட் மீண்டும் இரண்டே நெருப்பு உயிரிகளுடன் வந்து நிற்கின்றார். அதுவும், நிலத்தடியில் வேறு நெருப்பு இனங்கள் தாராளமாக உலாவும்போது அவர் கண்ணுக்கு அவை தென்படவில்லை போலும். தலைகீழ் உலகம் கதையில் இல்லை. ஐந்து வசதிகளைக் கொண்ட போட்டிக்களமும் இல்லை. மூலத்தின் பெயரைத் தாங்கியதால் மூலத்தையே பின்பற்றினோம் என்று இதற்கு நியாயம் கூறப்படலாம். ஆனால், ஆசிரியரே பின்னர் திருத்திய பிழையை மறுபதிப்பில் மீண்டும் அச்சேற்றுவதை எந்தப் பதிப்பாசிரியரும் விசுவாசம் என்று கூறமாட்டார். 2009 ஆம் ஆண்டின் மீளாக்கம் கிறிஸ்டலை உள்வாங்கி நல்வழி காட்டியிருந்தமையால், இத்தவறு மேலும் பெரிதாகத் தெரிகின்றது.

இரண்டாவது குறை, எமது பார்வையில் முதலாவதை விடப் பாரதூரமானது. மூலத்தில், மோதலில் பங்குபற்றிய உயிரியே அனுபவப் புள்ளிகளைப் பெறும். பங்குபற்றாத ஒன்றுக்கும் பங்கு கிடைக்க வேண்டுமாயின் அதற்கென்றுள்ள பொருளை அதன் கையில் கொடுத்து வைக்க வேண்டும். எனவே, யாரை எப்போது களத்தில் இறக்குவது, பலவீனமான ஒன்றை எவ்வாறு பாதுகாத்து வளர்ப்பது என்பன ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டிய முடிவுகளாக இருந்தன. மீளாக்கத்தில் ஒருவர் போராட, அணியில் உள்ள யாவருக்கும் புள்ளிகள் பகிரப்படுகின்றன. இதனை நிறுத்திவைக்கும் வசதியும் இல்லை. புதிய விளையாட்டுக்களில் இம்முறை உண்டு என்பது உண்மையே. ஆனால், அவ்விளையாட்டுக்கள் அம்முறையை மனத்திற் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. இங்கோ எதிராளிகளின் பலநிலைகள் பெரும்பாலும் 2006 இல் இருந்தவாறே விடப்பட்டுள்ளன. பழைய தராசின் ஒரு தட்டில் மட்டும் புதிய படிக்கல்லை வைத்தால் அது சாயாமல் என்ன செய்யும்?

இதற்கு மேலாக, பாசம் மிகுந்த உயிரி தன் எசமானரை மகிழ்விப்பதற்காக வீழவேண்டிய அடியில் வீழாமல் தாக்குப்பிடிக்கின்றது. சில வேளைகளில் அடியைத் தவிர்த்துவிடுகின்றது. நஞ்சேறியிருந்தால் தானாகவே குணமடைகின்றது. முதற் தடவை இதனைக் காணும்போது உள்ளம் நெகிழ்வது உண்மை. பத்தாவது தடவை, தோற்றிருக்க வேண்டிய மோதலில் தாம் தோற்காதது தமது சாமர்த்தியத்தாலல்ல என்பது விளங்கிவிடுகின்றது. இதனையும் நிறுத்திவைக்க வழியில்லை.

இதன் விளைவு யாது? கதையின் பெரும்பகுதியில் எதிர்ப்பேயின்றி நடந்துவரும் விளையாட்டு வீரர், இறுதியில் 'உச்ச நால்வர்' எனப்படும் வீரர்களையும் சிந்தியா என்னும் முதன்மை வீராங்கனையையும் சந்திக்கும்போது திடீரெனச் சுவரில் மோதிக்கொள்கின்றார். அவர்களின் உயிரிகள் மட்டும் போட்டிவீரர்களின் அணிகளைப் போன்று நுணுக்கமாகப் பயிற்றப்பட்டு, தக்க பொருட்களையும் ஏந்தி நிற்கின்றன. அந்த மோதல்கள் தம்மளவில் சிறந்தவை. உண்மையில் இம்மீளாக்கத்தின் மிகச் சிறந்த தருணங்கள் அவையே என்று கூறினும் மிகையாகாது. ஆனால், படிப்படியாக ஏறவேண்டிய மலை சமதரையாக்கப்பட்டு, முடிவில் செங்குத்துப் பாறையொன்று நிறுத்தப்பட்டிருக்கின்றது. வழியில் எதனையும் கற்றுக்கொள்ளாத சிறுவன் அவ்விடத்தில் செய்வதறியாது திகைப்பதில் வியப்பில்லை.

தோற்றத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். மூலத்தின் சிறிய திரையில் மாந்தர்கள் பெருந்தலையும் குறுகிய உடலும் கொண்ட சித்திரங்களாக இருந்தமைக்குக் காரணம் அக்கருவியின் வரையறையாகும். மீளாக்கம் அந்த விகிதாசாரத்தையே முப்பரிமாணப் பொம்மைகளாக்கியுள்ளது. சிலருக்கு இது இனிய நினைவாகத் தோன்றலாம். ஆனால், உலகின் அழிவைப் பற்றிச் சைரஸ் உரையாற்றும் காட்சியில் ஒரு பொம்மை நின்று பேசுவது கதையின் கனத்தைக் குறைக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். மோதல்களில் மாந்தர் இயல்பான உருவத்தைப் பெறுவதும், வெளியே வந்தவுடன் மீண்டும் பொம்மையாவதும் ஒட்டாத தையல் போல் உறுத்துகின்றன. கீழ்த்திரையில் எப்போதும் துணையாக இருந்த கைக்கடிகாரக் கருவி, ஒரே திரையின் மூலையொன்றில் ஒதுங்கிவிட்டது. கருவிக்கும் படைப்புக்கும் இருந்த பிணைப்பு எத்துணை நெருக்கமானது என்பதை இது உணர்த்துகின்றது.

சமூக நோக்கிலும் ஓர் இழப்பு உண்டு. மூலத்தின் நிலத்தடி உலகில், அருகருகே அமர்ந்த நண்பர்கள் ஒருவர் இருப்பிடத்துக்குள் மற்றவர் புகுந்து கொடியைக் கவர்ந்து ஓடும் ஆட்டம் இருந்தது. பண்டமாற்றைப் போலவே இதுவும் நண்பர்களை ஒரே இடத்திற்கு அழைத்த ஆட்டமாகும். மீளாக்கத்தில் அது நீக்கப்பட்டு, இருப்பிடம் சிலைகளை வரிசைப்படுத்தும் காட்சிக்கூடமாகச் சுருங்கியுள்ளது.

இவற்றுடன், வெளியிட்ட முறையும் கவனத்துக்குரியது. கடையில் விற்கப்பட்ட அட்டையில் விளையாட்டு முழுமையாக இருக்கவில்லை. ஆரம்பக் காட்சியும், கதை முடிந்தபின் திறக்கும் பூங்காவொன்றும் உள்ளிட்ட சில பகுதிகள் வெளியீட்டின் போது இணையத்தின் மூலம் தரவிறக்கிச் சேர்க்க வேண்டியவையாக இருந்தன. உயிரிகளைப் பிரதியெடுக்க இடமளித்த குறைபாடுகள் அடுத்தடுத்த புதுப்பித்தல்களிலேயே சீர்செய்யப்பட்டன. ஏனைய விளையாட்டுக்களிலிருந்து உயிரிகளை இடம்மாற்றும் 'ஹோம்' சேவையின் இணைப்பு 2022 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே கிட்டியது. இன்று இவை சிறிய அசௌகரியங்களாகத் தோன்றலாம். ஆயினும், மூலத்தின் இணையப் பண்டமாற்றுச் சேவைக்கு நேர்ந்த கதியை நாம் மறந்துவிடலாகாது. அச்சேவை 2014 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் திகதி நிறுத்தப்பட்டது. அட்டையிலே இல்லாத பகுதிகள் எந்த வழங்கியில் இருக்கின்றனவோ அது மூடப்படும் நாளில், அட்டையை மட்டும் வைத்திருப்பவரிடம் குறைப்பட்ட விளையாட்டே எஞ்சும்.

விற்பனையைப் பொறுத்தவரை மீளாக்கம் தோல்வியடையவில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் முடிவில் 14 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியிருந்தன. விற்பனையே தரத்தின் அளவுகோல் எனின் விவாதம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால், மீளாக்கம் வெளியாகிச் சரியாகப் பத்து வாரங்களின் பின்னர், 2022 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி, கேம் ஃப்ரீக் நிறுவனமே ஆக்கிய 'லெஜென்ட்ஸ் ஆர்சியஸ்' வெளியானது. அதன் களமும் சின்னோவே. ஆனால், பல தலைமுறைகளுக்கு முந்திய, 'ஹிசுயி' என அழைக்கப்பட்ட சின்னோ. அதிலே பழைய வரைபடம் இல்லை, பழைய கதை இல்லை. இருப்பினும் புல்லில் பதுங்கி, காற்றின் திசைபோல் ஓசையின்றி நெருங்கி, ஓர் உயிரியைப் பிடிக்கும்போது உண்டாகும் படபடப்பு, முதல் விளையாட்டைத் தூண்டிய அந்தப் பூச்சி பிடிக்கும் சிறுவனின் படபடப்பே ஆகும். ஒரே நிலத்தைப் பற்றிய இரு படைப்புகளில் ஒன்று உருவத்தைக் காத்தது, மற்றையது உணர்வைக் காத்தது என்று வேறுபடுத்திக் கூறலாம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது எமக்குப் புலப்படும் உண்மை ஒன்றுண்டு. விளையாட்டு என்பது அதன் வரைபடமோ, வசனமோ, சித்திரமோ அன்று. விளையாடுபவர் எடுக்கும் முடிவுகளும், அவற்றுக்கு அவர் கொடுக்கும் விலையுமே விளையாட்டாகும். பிரில்லியன்ட் டயமன்ட் மரத்தையும் வீட்டையும் அங்குலம் பிசகாமல் காத்தது. ஆனால், முடிவுகளின் கனத்தைக் கரைத்துவிட்டது. 2006 ஆம் ஆண்டின் சிறுவன் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதை, இன்றைய சிறுவன் தோற்காமலே கடந்து செல்கின்றான். இருவரும் ஒரே ஊர்களைக் கண்டிருப்பர். ஒரே பயணத்தைச் செய்திருக்கமாட்டார்கள்.

இதனைக் கூறும்போது, கடினமானதே சிறந்தது என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் வயதிலுள்ள பிள்ளைக்கும், இத்தகைய விளையாட்டை முன்னர் அறியாதவருக்கும் இலகுவான வழி வேண்டும். அவர்களுக்கு இம்மீளாக்கம் நல்லதொரு நுழைவாயில் என்பதில் ஐயமில்லை. எமது ஆட்சேபம் அந்த வழி திறக்கப்பட்டது பற்றியதன்று. பழைய வழி அடைக்கப்பட்டது பற்றியதாகும். அனுபவப் பகிர்வையும் பாசத்தின் சலுகையையும் விரும்பினால் நிறுத்திவைக்கலாம் என்ற இரு தெரிவுகள் சேர்க்கப்பட்டிருப்பின், இக்கட்டுரையின் அரைவாசிக் குறைகள் இல்லாமற் போயிருக்கும்.

இதிலிருந்து உரிமையாளர்கள் கற்க வேண்டிய பாடம் மற்றொன்றும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் முதற் பதிப்புகளை, அவற்றின் இருபதாவது ஆண்டு நிறைவையொட்டி 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நின்டெண்டோ 3டீஎஸ் கருவியில் மாற்றமின்றி மீண்டும் விற்பனைக்கு விட்டனர். மூலம் மூலமாகவே கிடைத்தபடியால், விரும்பியவர் அதனையும் மீளாக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அக்கருவியின் இணையக் கடை 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூடப்பட்டபோது அவ்வழியும் அடைபட்டது. மூலத்தை மக்களின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தால், மீளாக்கம் எவ்வளவு துணிவாகவும் மாறலாம். அப்போது, மூலத்தைப் பிரதிசெய்யும் சுமை அதன் தோளில் இருக்காது. மூலத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மீளாக்கத்தையே மூலமென நம்பச் செய்வதுதான் நினைவுக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டை வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. தாராளமாகக் கொடுங்கள். நிலத்தடி உலகில் அவர்கள் அலைந்து திரியட்டும். மூன்று ஏரிகளின் கதையை அறியட்டும். ஆனால், சகோதரருக்கோ நண்பருக்கோ மற்றைய பதிப்பு இருக்குமாயின் அவர்களை அருகருகே அமர்த்தி விளையாடச் செய்யுங்கள். அணியில் அறுவருக்குப் பதிலாக நால்வருடன் போராடிப் பார்க்குமாறு சவால் விடுங்கள். விளையாட்டை ஆக்கியோர் கரைத்துவிட்ட கனத்தை இவ்வாறு வீட்டிலேயே ஓரளவு மீட்டுக்கொள்ளலாம். நாளை இன்னொரு பழைய விளையாட்டு புதிய உருவில் கடைக்கு வரும்போது, அதன் படம் எவ்வளவு அழகாயிருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாது, அதிலே தோற்பதற்கு இன்னும் இடமிருக்கின்றதா என்றும் கேட்டுப் பார்ப்பது நல்லது.